கொப்பி பாதியில் நின்றுவிட்டதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மட்டக்களப்பு ஆரையம்பதியில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் அம்மா ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். கடன் கொப்பி கதவு நிலையில் அடித்த ஆணியில் சணல் கயிற்றில் தொங்கும். கயிற்றின் மறுநுனியில் ஒரு பென்சில். அது இரண்டு விரல் நீளத்துக்குத் தேய்ந்ததும் புதுப் பென்சில் கட்டப்படும். கடை திறந்திருந்த நாளில் அந்தக் கொப்பி எழுதப்படாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

கல்லடியில் என் அலுமாரியில் முப்பத்தெட்டுக் கொப்பிகள் இருக்கின்றன. டயறி, பிளானர், நூல் வைத்துத் தைத்தது, சுருள்கம்பி போட்டது என்று எல்லா வகையும் உண்டு. பாதிக்கு மேல் முதல் ஐந்தாறு ஒற்றையோடு நின்றவை. என் சோம்பல்தான் காரணம் என்று பல காலம் நம்பியிருந்தேன். ஒரு விடுமுறையில் எல்லாவற்றையும் பாயில் பரப்பி ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நின்றது, ஏன் நின்றது என்று பார்த்தேன். தாள் சரியில்லாதது பல, வைத்த இடம் பிழையானது சில, எங்கள் ஊர் ஈரலிப்பு தின்றது மிச்சம். சோம்பலுக்கென்று ஒதுக்க நாலைந்துதான் எஞ்சின. ஆகவே கீழே ஆளைத் திருத்தும் புத்திமதி ஒன்றும் இல்லை. உங்கள் கொப்பிக்கு என்ன அறிகுறியோ அந்த இடத்துக்குப் போங்கள்.

வாங்கி ஆறு மாதம். முதல் ஒற்றை இன்னும் வெள்ளை

முதலில் விலையை நினைத்துப் பாருங்கள். ஒரு வாரத்து மீன் காசைக் கொடுத்து வாங்கியிருந்தால் நோய் அதுதான். தடித்த மட்டையும் பட்டு நாடாவும் உள்ள கொப்பியில் “வெங்காயம் அரைக் கிலோ” என்று எழுதக் கை வராது. நல்ல வாசகம் தோன்றட்டும் என்று காத்திருப்போம். அது தோன்றாது.

மருந்து எளிது. கடைசி ஒற்றையைத் திருப்பி வீட்டில் உள்ள எல்லாப் பேனைகளையும் அதில் கிறுக்கிப் பாருங்கள். எந்த மை இந்தத் தாளுக்குப் பொருந்தும் என்று தெரிந்துவிடும். கொப்பியின் கன்னித்தன்மையும் போய்விடும். பிறகு முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, எரிவாயு சிலிண்டர் மாற்றிய திகதியை எழுதுங்கள். அதற்குப் பின் அந்தக் கொப்பி உங்களைப் பயமுறுத்தாது.

அதற்கும் மனம் வரவில்லையா? அப்படியானால் அது சேகரிப்புப் பொருள். முத்திரை சேர்ப்பவர் அதை ஒட்டிக் கடிதம் அனுப்புவதில்லை. அதை யாரும் குற்றம் சொல்வதுமில்லை. சேகரிப்புத் தட்டையும் பாவனைத் தட்டையும் பிரித்துவிட்டு, எழுதுவதற்கு ஒரு 80 பக்க ஒற்றைக்கோட்டுக் கொப்பி வாங்குங்கள். 200 பக்கம் வேண்டாம். கொப்பி ஒன்றை முடித்த சுகம் கைக்கு ஒரு தடவையாவது கிடைக்க வேண்டும்.

டயறி பெப்ரவரியோடு நின்றுவிடுகிறது

இதுதான் பெரிய வியாதி. மூன்று இடத்தைச் சோதியுங்கள், இதே வரிசையில்.

முதலாவது, பக்கந்தோறும் திகதி அச்சிட்டிருக்கிறதா? நாளுக்கு ஒரு பக்கம் என்றால் டயறி உங்களிடம் 365 பக்கம் கடன் கேட்கிறது என்று பொருள். காய்ச்சலில் பதினொரு நாள் படுத்தெழுந்தால் பதினொரு வெள்ளைப் பக்கங்கள் பல்லைக் காட்டும். அவற்றைத் தாண்டிப் போக வெட்கப்பட்டே பலர் டயறியை மூடுகிறார்கள். அச்சிட்ட திகதியை ஒரு கோட்டால் வெட்டி, இன்றைய திகதியைப் பக்கத்தில் எழுதி, விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். ஓர் அலுவலகம் அன்பளித்த டயறியை இப்படி வெட்டி வெட்டி இரண்டரை ஆண்டு ஓட்டினேன்.

இரண்டாவது, டயறி எங்கே கிடக்கிறது? கைப்பைக்குள், சிப்புக்குள், உறைக்குள் என்றால் எடுக்குமுன் நினைத்தது மறந்துவிடும். அம்மாவின் ஆணியை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத வேண்டிய சங்கதி எங்கே நடக்கிறதோ அங்கே கொப்பி இருக்க வேண்டும், பேனை அதோடு கட்டியிருக்க வேண்டும். என் சமையல் கணக்கு இப்போது குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் தொங்குகிறது. படுக்கையறை லாச்சியில் இருந்தபோது மாதத்துக்கு இரண்டு வரிதான் ஏறியது.

மூன்றாவதை அநேகர் பார்ப்பதில்லை: டயறியின் ஆண்டு யாருடைய ஆண்டு? படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்யும் என் பெரியப்பாவுக்கு ஜனவரி முதலாம் திகதி எதன் தொடக்கமும் அல்ல. பெரும்போகப் பயிர் அப்போது பாதி வளர்ந்து நிற்கும். பெப்ரவரியில் அறுவடை நெருங்கும். யாருக்கும் இருந்து எழுத நேரமிராது. டயறிகள் சாகும் மாதமும் அதுதான் என்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. பெரியப்பா டயறி வாங்குவதை எப்போதோ விட்டுவிட்டார். போகத்துக்கு ஒரு கொப்பி. முதல் உழவன்று தொடங்கும். நெல் விற்றுக் கடன் தீர்த்த அன்று முடியும். விதை நெல்லின் இனம், உழவு இயந்திரம் ஓடிய மணித்தியாலம், பசளை போட்ட நாள், வாய்க்கால் தண்ணீர் வந்த நாள் எல்லாம் அதில் உண்டு. சிறுபோகத்துக்கு வேறு கொப்பி. அவருக்கு எழுதாத நாள் என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் எழுத ஏதும் இல்லாத நாளுக்கு அந்தக் கொப்பியில் இடமே ஒதுக்கவில்லை.

உங்கள் ஆண்டு பாடசாலைத் தவணையோடு தொடங்கலாம், அல்லது சித்திரையோடு தொடங்கலாம். திகதியிடாத கொப்பியை அந்த நாளில் திறவுங்கள். வெளிநாட்டுப் பிளானர் வாங்குவோருக்கு இன்னொரு வேலை உண்டு: அதில் போயா என்னும் பௌர்ணமி விடுமுறை இருக்காது. நமக்குத் தேவையில்லாத பத்து நாட்டு விடுமுறை அச்சாகியிருக்கும். வைகாசியில் அம்மன் சடங்கு தொடங்கும் நாள் இருக்காது. முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் உங்களுக்குச் சிநேகிதர் இருந்தால் பெருநாளையும் நீங்களே குறிக்க வேண்டும், அது ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். சுவர்க் கலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இதைச் செய்தாலொழிய, பிளானர் எத்தனை அழகானாலும் அடுத்த ஊர்க்காரர் போலவே நடந்துகொள்ளும்.

பேனை சில இடத்தில் எழுதுகிறது, சில இடத்தில் வழுக்குகிறது

எங்கே வழுக்குகிறது என்று பாருங்கள். பக்கம் முழுவதும் விட்டுவிட்டு எழுதினால் குறை பேனையில். பக்கத்தின் அடிப்பாதியில் மட்டும் வழுக்கினால் குறை உங்கள் உள்ளங்கையில். மேலே எழுதும்போது கை கீழ்ப்பாதியில் கிடந்து வியர்வையும் தலைக்கு வைத்த எண்ணெயும் தாளில் ஏறிவிடும். எண்ணெய்ப் பட்ட தாளில் மை ஒட்டாது. கைக்கடியில் ஒரு துண்டுத் தாளை வைத்து, எழுத எழுத அதைக் கீழே நகர்த்துங்கள். இது தெரியாமல் நான் மூன்று நல்ல பேனைகளை எறிந்தேன்.

மை மறுபக்கம் தெரிகிறது

நிழல் போலத் தெரிந்தால் தாள் மெல்லியது, அவ்வளவுதான். புள்ளி புள்ளியாக மறுபக்கம் வந்து நின்றால் மை ஊறியிருக்கிறது. எழுத்தின் ஓரத்தில் மயிர் மயிராகப் பரவினால் தாளில் பசை போதாது. தாள் செய்யும்போது நார்கள் நீரை உறிஞ்சாதிருக்கப் பசை ஊட்டுவார்கள். பரவலைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான். கடையில் “80 கிராம் தாள்” என்பது ஒரு சதுர மீற்றர் தாளின் எடை. எடை கூடினால் நிழல் குறையும். ஆனால் பரவலும் குறையும் என்று உறுதியில்லை. ஜப்பானில் செய்யும் ஒரு வகை டயறித் தாள் 52 கிராம்தான், ஊற்றுப்பேனை மையையும் தாங்குகிறது.

சோதனை: கடைசி ஒற்றையின் மூலையில் ஒரு துளி நீர் விடுங்கள். முத்துப்போல் நின்றால் எந்தப் பேனையும் ஓடும். உடனே உறிஞ்சினால் குமிழ்முனைப் பேனையும் பென்சிலும் மட்டும்.

ஒட்டிய பில்லில் எழுத்து மறைந்துவிட்டது

கடைகளில் தரும் வழுவழுப்பான பில் சூட்டால் அச்சிடப்படுவது, அதில் மையே இல்லை. வெயிலும் வெக்கையும் ஒட்டுநாடாவின் பசையும் அதை அழிக்கும். தொகையையும் திகதியையும் பக்கத்தில் கையால் எழுதுங்கள். உத்தரவாதம் உள்ள பொருளின் பில் என்றால் ஒரு போட்டோப் பிரதி எடுத்து அதை ஒட்டுங்கள்.

எழுதியது நிச்சயம்; தேடினால் அகப்படாது

எத்தனை கொப்பிகள் ஒரே சமயத்தில் திறந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் என்றால் மிச்சத்தை நூலால் கட்டி மேல்தட்டில் வையுங்கள். தேடும் நேரம் அதிலேயே பாதி குறையும்.

பிறகு பக்க எண். வலப்பக்கங்களுக்கு மட்டும் எண் போட்டால் போதும். 80 பக்கக் கொப்பிக்கு ஐந்து நிமிடம். கடைசி இரண்டு ஒற்றைகளை அட்டவணைக்கு ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் அட்டவணையில் ஏற்றுவது வீண் வேலை, மறுபடி தேடக்கூடியதை மட்டும் ஏற்றுங்கள்: மருந்தின் பெயர், காணி அளந்தவர் சொன்ன எண், அச்சாறு போட்ட அளவு. மட்டையின் முதுகில் கொப்பி எண்ணும் தொடங்கிய மாதமும். அவ்வளவே. நியூயோர்க் வடிவமைப்பாளர் ரைடர் கரோல் 2013இல் வெளியிட்ட புல்லட் ஜேர்னல் என்ற குறிப்பெழுதும் முறையிலும் பக்க எண்ணும் அட்டவணையும்தான் முதுகெலும்பு. வண்ணப் பேனையும் ஒட்டுப்படமும் பின்னால் மற்றவர்கள் சேர்த்துக்கொண்ட அலங்காரம். அந்த அலங்காரத்தைப் பார்த்துப் பயந்தே முறையைத் தொடாதவர்களை நான் அறிவேன்.

மழை மாதத்தில் பூஞ்சணம், புழுங்கல் வாடை

எங்கள் பக்கத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களில் கொட்டிவிடும். வாவி ஒரு புறம், கடல் மறு புறம். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 65, 70ஐத் தாண்டி நின்றால் பூஞ்சணத்துக்குத் தாளும் பசையும் சாப்பாடு. ஆகவே கொப்பியில் பூஞ்சணம் கண்டால் அலுமாரியைச் சந்தேகியுங்கள்.

அலுமாரி வெளிச்சுவரை ஒட்டி நிற்கிறதா? நான்கு விரல் இடைவெளிக்கு இழுங்கள். கொப்பிகள் கையால் உருவ முடியாதபடி இறுகி நிற்கின்றனவா? மூன்றில் ஒன்றை வெளியே எடுங்கள். பச்சை வேப்பிலை வைத்திருக்கிறீர்களா? நல்ல எண்ணம்தான், ஆனால் பச்சை இலை தன் ஈரத்தை அலுமாரிக்குள்ளேயே விடும். சருகாகக் காய்ந்ததையே வையுங்கள். அரிசிப் பொட்டலம் வைப்பாரும் உண்டு. அரிசிக்கு வண்டு வரும், வண்டோடு மிச்சமும் வரும். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நல்லது. ஆனால் அது குடித்த ஈரத்தை வெக்கையில் காயவைத்துத் திரும்ப வைக்காவிட்டால் வெறும் மணல்.

பிடித்துவிட்ட பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், அது தாளுக்குள் இறங்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வெளியில் நிழலில் கொப்பியை விரித்து நிறுத்துங்கள். தூள் நன்றாகக் காய்ந்த பின் மெல்லிய தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். கொதிக்கும் வெயில் வேண்டாம். தாள் நெளியும், மை வெளுக்கும்.

தடுக்கும் வழியை எங்கள் அம்மன் கோயில்களில் பார்த்தேன். வைகாசிச் சடங்கில் பாடுவதற்காக ஆண்டுக்கொருமுறை ஏட்டுக்கட்டை அவிழ்ப்பார்கள். அவிழ்த்துப் புரட்டுவதால் அடைந்த ஈரம் போகும், பூச்சி இருந்தால் கண்ணில் படும். கச்சான் வீசத் தொடங்கும் நாட்களில் நானும் முப்பத்தெட்டையும் இறக்கி, ஒவ்வொன்றையும் விசிறிபோல விரித்து ஒரு பகல் வைக்கிறேன். (கச்சான் என்றால் இங்கே காற்று, கடலையும்தான். எது என்று இடம் சொல்லும்.)

நடு ஒற்றை கழன்று வருகிறது

கம்பி துருப்பிடித்திருக்கும். கடற்காற்றில் அது சில ஆண்டுகளில் தாளையும் சேர்த்து அரித்துவிடும். கத்தி நுனியால் கம்பியை நிமிர்த்திக் கழற்றுங்கள். இழுக்காதீர்கள். கொப்பியை நடுவில் விரித்து, மடிப்பில் மூன்று துளை: மேலே, நடுவே, கீழே. தடித்த பருத்தி நூலை ஊசியில் கோத்து உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே எடுங்கள். மேல்துளையால் உள்ளே வாருங்கள். நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளையால் வெளியே போய், மீண்டும் நடுத்துளையால் உள்ளே வாருங்கள். இப்போது உள்ளே ஒரு நீண்ட தையல் ஓடும். நூலின் இரு முனையும் அதன் இரு பக்கத்திலும் வர இழுத்து, அதன் மேல் முடிச்சுப் போடுங்கள். பத்து நிமிட வேலை. இந்தத் தையல் துருப்பிடிக்காது. அட்டையின் முதுகில் நூல் தெரிவது எனக்கு அழகாகவே படுகிறது.

ஓரம் பொடியாக உதிர்கிறது, சின்னத் துளைகள்

வெள்ளியாக ஓடி ஒளிவது இராமபாணம் என்ற பூச்சி. பசைக்கும் மட்டைக்கும் வரும். மண்தடம் தெரிந்தால் கறையான். அப்போது கொப்பியை விட்டுவிட்டுச் சுவரையும் தரையையும் முதலில் பாருங்கள். இராமபாணத்துக்கு மருந்து குளிர்: கொப்பியைப் பொலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, உறைகுளிர்ப் பெட்டியில் குறைந்தது இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் தாளில் நீர் வேர்க்கும். வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இறால் பொதிக்கும் கணவாய்ப் பொதிக்கும் நடுவே என் 2016 டயறியைக் கண்ட மாமி, “இதையும் இன்றைக்கே ஆக்குவதா, மகள்?” என்று கேட்டார்.

நனைந்துவிட்டது

2004 டிசெம்பர் 26க்கு முந்திய கொப்பி ஒன்றும் எங்கள் வீட்டில் இல்லை.

2011 ஜனவரி வெள்ளத்தில் நனைந்தது மட்டும் இருக்கிறது. ஆணியின் உயரத்துக்குத் தண்ணீர் வரவில்லை, கூரைதான் ஒழுகியது. அம்மா பென்சிலில் எழுதிய கணக்கு எழுத்துக்கு எழுத்து அப்படியே நின்றது. குமிழ்முனைப் பேனை எண்ணெய் மை, அதுவும் நின்றது. கொப்பியின் பாதியில் நான் கெட்டித்தனமாக ஜெல் பேனையில் எழுதிக் கொடுத்த பக்கங்கள் நீலக் குளமாகிவிட்டன. யார் எவ்வளவு தர வேண்டும் என்று தெரியாமல் போனது. அம்மா ஒவ்வொருவராகக் கேட்டார். ஒவ்வொருவரும் ஒரு தொகை சொன்னார்கள். சொன்னதைப் பென்சிலில் எழுதிக்கொண்டார். கொடுக்கவேண்டியதைவிடக் கூட்டிச் சொன்னவர்களும் இருந்தார்கள் என்று அம்மா இன்றைக்கும் சாதிப்பார்.

நனைந்த கொப்பியை உடனே பிரிக்காதீர்கள், ஈரத்தாள் கிழியும். மூடியபடியே இரண்டு துவாய்க்கு நடுவில் வைத்து மெல்ல அழுத்துங்கள். பிறகு சற்றே திறந்து மின்விசிறிக் காற்றில் நிறுத்தி, பத்து ஒற்றைக்கு ஒரு மைபடாத வெள்ளைத் தாள் வைத்து, அது நனைய நனைய மாற்றுங்கள். அச்சிட்ட பழைய பேப்பர் வேண்டாம், அதன் மை ஒட்டும். இரண்டு நாளுக்குள் காயவைக்க முடியாவிட்டால் பூஞ்சணம் முந்திவிடும். அப்படியென்றால் பையில் கட்டி உறையவிட்டு, வெயில் நாள் வந்ததும் எடுத்துப் பாருங்கள். மின்சாரமும் போய்விட்டதா? முக்கியமான பக்கங்களை முதலில் தொலைபேசியில் படம் எடுங்கள். காய்ந்த பின் கனமான பலகைக்கடியில் ஒரு வாரம்.

வீட்டில் யாரோ வாசிக்கிறார்கள்

பூட்டுப் போட்ட டயறி ஆவலைக் கூட்டும். மட்டையில் “நீர்க் கட்டணம், மின் கட்டணம்” என்று எழுதி, முதல் நான்கு பக்கத்தில் உண்மையாகவே அந்தக் கணக்கை எழுதுங்கள். ஐந்தாம் பக்கத்துக்கு இதுவரை யாரும் வந்ததில்லை.

அலுமாரியில் இடம் இல்லை

எழுதாத கொப்பிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், கணக்குக்கு உதவும். எழுதி முடித்தவற்றில் மருந்து, காணி, காசு பற்றிய பக்கங்களைப் புதுக் கொப்பிக்கு மாற்றி எழுதுங்கள். எடைக்குப் போடுமுன் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், அடுத்தவர் பெயர் உள்ள ஒற்றைகளைக் கிழித்து எரியுங்கள். எடைக்குப் போன தாள் எங்கே போகிறது என்று ஒரு மாலை காந்திப் பூங்கா ஓரம் கச்சான் வாங்கியபோது பார்த்தேன். கச்சான் தீர்ந்ததும் சுருளை விரித்தேன். ஒற்றைக்கோட்டுத் தாள், நீலப் பேனை, சாய்ந்த எழுத்து. “முட்டை 10. தேயிலை 100. பெரியம்மாவுக்குக் குளிசை.” அதன் கீழே இரண்டு முறை அடிக்கோடிட்டு “நாளைக்குக் கட்டாயம் கேட்க வேண்டும்”. எதைக் கேட்க வேண்டும் என்ற இடத்தில் தாள் கிழிந்திருந்தது. அந்த ஒற்றை என் இருபத்துமூன்றாம் கொப்பியில் ஒட்டியிருக்கிறது. மடிப்பில் வறுத்த மணல் இன்னும் இரண்டொன்று தட்டுப்படும்.